திடீரென்று கண் தெரியவில்லை: வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது?

கேரளத்தில் தமிழக எல்லையோரம் உள்ள கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு மேற்கே பாலக்காடு, கிழக்கே பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும். கண்ணில் ஏதாவது கோளாறு என்றால் ‘கோயம்புத்தூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போய்க்கலாம்’ என்று பேச்சு முடியும். பிறகு யார் கூட வருவது, தோட்டத்தில் ஆள் வேலை எப்போது முடியும் என்று பார்த்து, ஞாயிறு கழிந்து திங்கள் ஆகிவிடும். கண்புரைக்கு அந்த நிதானம் சரி. நேற்று வரை நன்றாக இருந்த பார்வை இன்று காலை இல்லை என்றால் அதற்கு ஆகாது. இன்னொரு சங்கடமும் இதில் உண்டு. பார்வை திடீரென்று மாறும் சில நோய்களுக்குக் கண்ணாஸ்பத்திரி சரியான இடமே அல்ல. ஆகவே எவ்வளவு சீக்கிரம் என்பதோடு எங்கே என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

வலி இல்லையே என்று இருந்துவிடுவது

தவறுகளில் இதுதான் முதல். கண்ணின் உள்ளே பின்பக்கம் ஒளியை வாங்கும் படலமான விழித்திரைக்கு வலி உணர்வு கிடையாது. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி அடைத்துக்கொண்டால், ஒரு கண் விளக்கை அணைத்ததுபோல் இருட்டாகும். துளி வலிக்காது, கண் சிவக்காது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் விழித்திரை ரத்தமில்லாமல் சில மணி நேரம்தான் தாங்கும். நான்கு மணி நேரம் தாண்டினால் பார்வை திரும்புவது அரிது. இது கண்ணில் வந்த பக்கவாதம். அதே அடைப்பு அடுத்து மூளையில் வரலாம் என்பதால், இருபத்துநான்கு மணி நேரமும் சி.டி. ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் உள்ள பொது மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண்ணாடிக் கடைக்குப் போய் பவர் பார்ப்பது அந்த மணி நேரங்களைத் தொலைப்பதற்குச் சமம்.

விழித்திரை பிரிவதும் வலிக்காது. அது முன்கூட்டியே சொல்லிவிட்டு வரும் நோய். கண்ணுக்குள் பூச்சி பறப்பதுபோலக் கரும்புள்ளிகள் திடீரென்று பெருகும். இருட்டில் கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டும். பிறகு ஓரத்திலிருந்து ஒரு திரை இறங்கும் அல்லது ஏறும். ஒன்றிரண்டு புள்ளிகள் பல வருடமாக மிதந்தால் பயமில்லை. புதிதாக, கூட்டமாக வந்தால் அதே நாளில் கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண் பாப்பாவை (கருவிழியின் நடுவில் தெரியும் கறுப்பு வட்டம்) விரிய வைத்துப் பார்த்து, விழித்திரையில் கிழிசல் மட்டும் இருந்தால் லேசர் போட்டு அடைத்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திரை விழுந்த பிறகு போனால் அறுவை சிகிச்சை. கூர்மையாகப் பார்க்க உதவும் நடுப்பகுதி பிரியும் முன் அதைச் செய்தால் எழுத்துப் படிக்கும் பார்வை பிழைக்கும். அதில் ஒரு நாள் தாமதம்கூடப் பெரிய தாமதம். கிட்டப்பார்வைக்குத் தடித்த கண்ணாடி போடுபவர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள், தேங்காய் மட்டையோ பந்தோ கண்ணில் அடி வாங்கியவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாப்பாவுக்குச் சொட்டு விட்டால் சில மணி நேரம் பார்வை கூசி மங்கும். தனியாக இருசக்கர வண்டியில் போகக் கூடாது.

சுகர் உள்ளவருக்கு ஒரு கண்ணில் கரும்புகை சுழல்வதுபோலத் தெரிந்தால் கண்ணுக்குள் ரத்தம் கசிந்திருக்கலாம். அதுவும் அன்றே பார்க்க வேண்டியது. போகும்வரை குனியாமல், பாரம் தூக்காமல், தலையணையை உயர்த்தி வைத்துப் படுக்க வேண்டும்.

ஒரு கண்ணா இரண்டு கண்ணா என்று பார்க்காமல் கிளம்புவது

இதற்கு அரை நிமிடம் போதும். உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடி (அமுக்காமல்) சுவரில் உள்ள காலண்டரைப் பார்க்கவும். பிறகு மறு கண். ஒரு கண்ணில் மட்டும் குறை என்றால் பிரச்சினை பெரும்பாலும் அந்தக் கண்ணிலோ அதன் நரம்பிலோ. இரண்டு கண்ணிலும் காலண்டரின் அதே பாதி, இடதோ வலதோ, காணாமல் போனால் பிரச்சினை மூளையில். இதைப் பலர் ‘இடது கண் தெரியவில்லை’ என்றே சொல்வார்கள். உண்மையில் தெரியாதது இடது பக்கம். கண்ணாஸ்பத்திரிக்குப் போனால் அங்கே கண்டுபிடித்து வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். அதற்குள் பக்கவாதத்துக்கான ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியின் நேரம், அதாவது தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம், வழியிலேயே கரைந்துவிடும்.

பார்வையோடு வாய் கோணுவது, ஒரு கை வலுவிழப்பது, பேச்சு குழறுவது, தள்ளாடுவது என எது சேர்ந்தாலும் 108 கூப்பிட வேண்டும். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்பது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதை. நீங்கள் எப்போது கவனித்தீர்கள் என்பதை அல்ல. தூங்கி எழும்போதே அப்படி இருந்தால் படுக்கப் போன நேரத்தைச் சொல்லுங்கள். ஆஸ்பிரினோ, கூடுதலாக ஒரு பிரஷர் மாத்திரையோ வீட்டில் கொடுக்காதீர்கள். அடைப்பா ரத்தக்கசிவா என்பது ஸ்கேனில்தான் தெரியும்.

திடீரென்று எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தாலும் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகிவிடுகிறது என்றால், கண்ணை அசைக்கும் நரம்பு அல்லது தசையில் சிக்கல், அன்றே மருத்துவமனை. இங்கே தோட்டம் காட்டில் வேலை செய்பவர்கள் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. தரையில் படுத்துத் தூங்கியவர் விடிகாலையில் வயிற்று வலியோடு எழுந்து, இமை தூக்க முடியவில்லை, இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றால் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். மலையாளத்தில் வெள்ளிக்கெட்டன் என்பது இதுதான். பல்பட்ட தடம் தெரியாமலே இருக்கலாம், வீக்கமும் இருக்காது. அடுத்துச் சரிவது மூச்சு. விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்; மந்திரிப்பது, கண்ணுக்குச் சொட்டு வாங்குவது எல்லாம் உயிரை வைத்து விளையாடுவது.

தலைவலி, வாந்தி என்று மட்டும் சொல்வது

ஐம்பது வயதைத் தாண்டியவர், சாயங்காலம் பொழுது சாய்ந்ததும் ஒரு பக்கத் தலைவலி, குமட்டல், வாந்தி. மெடிக்கலில் பித்தம் என்று மாத்திரை வாங்குவார்கள், அல்லது ஒற்றைத் தலைவலி என்று இருட்டறையில் படுக்க வைப்பார்கள். இருட்டு பாப்பாவை விரித்து நிலைமையை இன்னும் மோசமாக்கும். கண் சிவந்திருக்கிறதா, பல்பைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறதா, மங்கலாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் கண்ணுக்குள் சுரக்கும் நீர் (கண்ணீர் அல்ல) வடியும் பாதை அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறியிருக்கலாம். 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அழுத்தம் 50-க்கு மேல் போகும். பார்வை நரம்பு அதைத் தாங்காது. சளி, ஜலதோஷ மாத்திரைகள் சிலவும் இதைத் தூண்டும். இது இரவோடு இரவாகக் கண் மருத்துவரிடம் போக வேண்டிய அவசரம். அழுத்தத்தை இறக்கிவிட்டு, மறு கண்ணுக்கும் வராமலிருக்க லேசரால் சிறு துளை போடுவார்கள்.

கர்ப்பிணிகளுக்கு இருபது வாரத்துக்குப் பிறகு கண் மங்குவதும், மின்னுவதும், தலைவலியும் சேர்ந்தால் கண்ணைப் பார்க்க வேண்டாம், ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். 140/90 தொட்டிருந்தால் பிரசவ ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டி. அழுத்தம் சரியாகவே இருந்தாலும் போய்க் காட்டிவிடுவது நல்லது.

குடித்த மறுநாள் மங்கல்

நம் பாலக்காட்டுச் சித்தூர்த் தாலுகா கள்ளுக்குப் பேர் போனது. இங்கே சொல்வது கள்ளைப் பற்றியல்ல, மெத்தனால் கலந்த சரக்கைப் பற்றி. 2000-இல் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் 31 பேர் செத்ததும், சிலர் கண்ணிழந்ததும் இதனால்தான். 2024-இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல் உயிர் போனது. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் கழித்து, மூடுபனிக்குள் நிற்பதுபோலப் பார்வை வெளுக்கும், வயிறு வலிக்கும், மூச்சு வாங்கும். உடல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்ற எடுக்கும் நேரம் அது. அந்த அமிலம்தான் பார்வை நரம்பைச் சுடுகிறது. போதை தெளியட்டும் என்று தூங்க வைப்பதும், மோர் கொடுத்துப் பார்ப்பதும் பெரிய தவறு. டயாலிசிஸ் உள்ள மருத்துவமனை வேண்டும். போலீஸ் கேஸ் ஆகும் என்று என்ன குடித்தார் என்பதை மறைத்தால் மாற்று மருந்து தொடங்கத் தாமதமாகும். சேர்ந்து குடித்தவர்களையும், நன்றாக இருந்தாலும், கூட்டிக்கொண்டு போங்கள்.

கழுவாமல் ஓடுவது, கண்டதை விடுவது

சுண்ணாம்பு போன்றவை கண்ணில் பட்டால் முறை தலைகீழ்: முதலில் தண்ணீர், பிறகு வண்டி. வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை அமுக்கிக் கண்ணில் தெறிப்பது, தென்னைக்கு அடிக்கும் சுண்ணாம்பு, சிமென்ட் எல்லாமே காரம், அதாவது அமிலத்துக்கு எதிர்வகையான அரிக்கும் பொருள். காரம் கருவிழியை ஊடுருவி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சுத்தமான குழாய்த் தண்ணீரை முப்பது நிமிடம் விடாமல் ஊற்ற வேண்டும். மேல் இமையைத் தூக்கி, கீழ் இமையை இழுத்து, ஒட்டியிருக்கும் துகளை ஈரப் பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். எலுமிச்சை, மோர் ஊற்றிக் காரத்தை முறிக்கப் பார்க்கக் கூடாது.

எருக்கம்பால் வேறு மாதிரி ஏமாற்றும். அது கண்ணில் பட்டால் வலி அதிகம் இராது, சில மணி நேரத்தில் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். கழுவிவிட்டு அன்றே காட்ட வேண்டும்.

நெல் உமி, கரும்புச் சோகை, தென்னோலை கீறிய கண்ணுக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துதான் நம் பக்கத்தில் பல கண்களைக் கெடுப்பது. அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால் இரண்டு நாள் சிவப்பு குறைந்து சுகமாக இருக்கும்; உள்ளே பூஞ்சை தழைத்து வளரும். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிகிறபோது புண் ஆழமாகிவிட்டிருக்கும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதுவும் வேண்டாம். விட்ட சொட்டின் பாட்டிலை மட்டும் கையோடு எடுத்துப் போங்கள்.

பாதி வழியில் திரும்புவது

ஒரு கண் இருண்டது, ஆட்டோ பிடித்தார்கள், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டுவதற்குள் பார்வை பழையபடி வந்துவிட்டது. ‘சரியாயிருச்சு, வீட்டுக்கே போயிரலாம்’ என்று பெரியவர் சொல்வார். கூட வந்தவர்களுக்கும் அது நிம்மதி. சில நிமிடம் வந்து போகும் இருட்டு, அடைத்த கட்டி தானாக நகர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து மிக அதிகமாக இருப்பது அடுத்த 48 மணி நேரத்தில்தான். கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன், ஈ.சி.ஜி., சுகர், கொழுப்பு எல்லாம் பார்த்து மருந்து தொடங்குவது அதற்குள் நடக்க வேண்டும். வண்டி நேராகவே போகட்டும்.