எழுதாமலே வந்துவிடும் ‘அதனால்’

“பாட்டிக்கு முழங்கால் வலி. மாடி வீட்டைக் காலி செய்துவிட்டோம்.”

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ‘அதனால்’ இல்லை. படித்தவுடன் அது தானாகவே மனத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எழுதப்படாத இந்த உறவும் ஒரு செய்திதான் என்று வில்லியம் மான், சாண்ட்ரா தாம்சன் என்ற மொழியியலாளர்கள் 1986இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்கள். எழுதியது ஒன்றோடொன்று கோத்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

இதை நம்பாமல் வரிக்கு வரி ‘எனவே’, ‘ஆகவே’, ‘மேலும்’ போடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அவற்றை அடித்துவிட்டுப் படியுங்கள். பொருள் கெடவில்லையா, சரி, திரும்பச் சேர்க்காதீர்கள். ‘மேலும்’ அநேகமாக எங்குமே வேண்டியிருக்காது.

ஒரே சொல் திரும்ப வந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. “மாடி வீட்டைக் காலி செய்துவிட்டோம். மாடி வீட்டுக்கு மேல் தண்ணீர்த் தொட்டி இருக்கும்.” சொல் ஒட்டுகிறது, பேச்சு ஒட்டவில்லை.

அப்புறம், தாவல். சூத்திரங்கள், அதாவது இலக்கண விதிகள், ஒன்றையொன்று தொடரும் முறையை நன்னூல் நான்காகச் சொல்கிறது: ஆற்றொழுக்கு (ஆறுபோல் இடைவிடாமல் ஓடுவது), அரிமா நோக்கம் (சிங்கம்போல் முன்னும் பின்னும் பார்ப்பது), தவளைப் பாய்த்து (தவளைபோல் தாவுவது), பருந்தின் வீழ்வு (பருந்துபோல் வேண்டியதில் நேரே இறங்குவது). ஆக, தவளைபோல் இடைவிட்டுத் தாவுவதும் முறைதான். ஆனால் நடுவில் விட்டது வாசகருக்குத் தெரிந்ததாக இருக்க வேண்டும். “மார்கழி பிறக்கப்போகிறது. அண்ணன் கல்யாணத்தைத் தைக்குத் தள்ளிவிட்டார்கள்.” நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை, மார்கழியில் கல்யாணம் வைக்காத வழக்கத்தை அறியாதவருக்குத் தேவை. “உங்களுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது. தினமும் உள்ளங்காலைப் பாருங்கள்” என்று மட்டும் ஒரு நோயாளிக்கு எழுதிக் கொடுத்தால்? சர்க்கரை நாளடைவில் கால் நரம்புகளைக் கெடுக்கும், புண் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம் என்ற நடு வாக்கியம் எழுதுபவருக்குப் பழகிப்போனது. படிப்பவருக்கு அதுதான் முக்கியம். அதை விடவே கூடாது.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது, இல்லாத உறவைப் பக்கத்தில் வைத்தே உண்டாக்கிவிடுவது. “புதுக் காசாளர் சேர்ந்தார். கல்லாவில் பணம் குறைந்தது.” இரண்டும் தனித்தனியே உண்மையாக இருக்கலாம். சேர்த்து வைத்தால் ஒரு மனிதர் மேல் திருட்டுப்பழி விழுகிறது. “நான் அப்படி எழுதவே இல்லையே” என்று பிறகு சொல்லிப் பயனில்லை. பணம் ஏன் குறைந்தது என்று தெரியாவிட்டால், தெரியவில்லை என்று அங்கேயே எழுதுங்கள். அவர் சேர்ந்த செய்திக்கு அங்கே வேலை இல்லை என்றால் எடுத்துவிடுங்கள்.