தூக்கிவிடாமல் எழ உதவுவது எப்படி? வீட்டில் பராமரிப்பவர்களுக்கு ஒரு செய்முறை

பக்கவாதத்தால் அம்மாவின் இடது பக்கம் தளர்ந்த பிறகு பழகிய முறை இது. பாதி பிசியோதெரபிஸ்ட் காட்டியது, மீதி அம்மா சொல்லித்தந்தது. எழுந்து நிற்கலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகே தொடங்குங்கள்.

1. எது முடியும் என்று பிரித்துப் பாருங்கள்

குளியல், உடை, கழிப்பறை, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு என இடம் மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது ஆகிய ஆறையும் வைத்து ஒருவரால் எவ்வளவு சொந்தமாகச் செய்ய முடிகிறது என்று பார்க்கும் முறையை சிட்னி காட்ஸ் குழுவினர் 1963இல் வெளியிட்டார்கள். அந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் இன்னும் சிறிதாக உடையுங்கள். "குளிக்க முடியாது" என்று எழுதாதீர்கள். "சோப்பு போட்டுக்கொள்வார், முதுகு மட்டும் எட்டாது" என்று எழுதுங்கள். உங்கள் வேலை அந்த முதுகு மட்டும்தான். தாளை நீங்கள் பார்த்துக்கொள்பவரோடு உட்கார்ந்து நிரப்புங்கள்.

2. கேளுங்கள், காத்திருங்கள்

"என்ன உடுத்துகிறீர்கள்?" என்று கேட்டால் திணறுபவரிடம் இரண்டு உடைகளைக் காட்டுங்கள். பதில் வர நேரமாகும். அதற்குள் கேள்வியை வேறு மாதிரி திருப்பிக் கேட்காதீர்கள், முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். "இப்போது வேண்டாம்" என்பதும் பதில்தான். குளியல் அரை மணி நேரம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகிவிடாது.

3. எழுந்து நிற்பது

எனக்குக் கைவர அதிக நாளானது இந்தப் படிதான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். தளர்ந்த தோள் எளிதில் காயப்படும், உங்கள் முதுகும் போகும். அதைவிட, தூக்கப்படுபவரின் கால்களுக்கு வேலையே இல்லாமல் போகிறது. வேலை இல்லாத தசை சீக்கிரம் வலுவிழக்கும்.

முதலில் நாற்காலி. இருபுறமும் கைப்பிடி, அமுங்காத இருக்கை, முழங்கால் உயரமோ சற்றுக் கூடுதலோ இருக்க வேண்டும். சோபா கூடவே கூடாது. அதில் புதைந்து உட்கார்ந்தால் நல்ல கால் உள்ளவர்களே சிரமப்படுவார்கள்.

நீங்கள் தளர்ந்த பக்கம் நில்லுங்கள். அப்புறம் வரிசையாகச் சொல்லுங்கள்: இருக்கையின் விளிம்புக்கு நகர வேண்டும், பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுக்க வேண்டும், கையால் கைப்பிடியை அழுத்த வேண்டும். வாக்கரை, அதாவது நடக்க உதவும் சட்டத்தை, பிடித்து இழுத்து எழக் கூடாது, அது கவிழும்.

இப்போது முக்கியமானது. மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் அளவுக்கு முன்னால் குனிய வேண்டும். நேராக நிமிர்ந்தபடி எழ முயன்றால் உடல் பின்னால்தான் விழும். குனிந்ததும் இடுப்பு தானாக லேசாகும். அந்த நொடியில் "சரி, எழலாம்" என்று அவரே சொல்லட்டும், நீங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணாதீர்கள். எப்போது எழுவது என்பது அவர் முடிவு. அம்மா தன் வாயால் சொல்லி எழத் தொடங்கிய பிறகுதான் அவர் முகத்தில் பயம் குறைந்தது.

பிடிமானம் தேவைப்பட்டால் இடுப்பில் கட்டும் பிடிப்பட்டை வாங்குங்கள். கையைப் பிடித்து இழுப்பதைவிட எனக்கு அதுதான் பிடித்தது. அதையும் தூக்குவதற்குப் பயன்படுத்தாதீர்கள், நிலை தவறாமல் பார்த்துக்கொள்ளத்தான்.

4. உடை

போடும்போது தளர்ந்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். பட்டனைவிட வெல்க்ரோ எளிது. ஆனால் பட்டன்தான் வேண்டும் என்று அவர் சொன்னால் பட்டன்தான்.

பின்சேர்க்கை

நிறையப் பேர் தலைசுற்றல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படுக்கையிலிருந்து எழுந்ததும் நிற்க வேண்டாம், சில நிமிடங்கள் விளிம்பில் உட்கார்ந்து கால்களை அசைக்கட்டும். அப்படியும் சுற்றினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள், மாத்திரையும் காரணமாக இருக்கலாம்.

எழும்போது முன்னால் குனியவே தன் வீட்டில் இருப்பவர் பயப்படுகிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். எதிரே நகராத, கனமான மேசை ஒன்றைப் போடுங்கள். முன்னால் வெற்று இடம் தெரிவதுதான் பயமுறுத்துகிறது.

காலையில் வேலைக்கு ஓட வேண்டும், இவ்வளவு நேரம் ஏது என்பவர்களுக்கு: எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். முதலில் எதைத் தானே செய்ய விரும்புகிறார் என்று அவரிடம் கேளுங்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் கூடுதலாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.