ஜேர்னலுக்கு பேப்பர் அனுப்புறது எப்படி (முதல் தடவை அனுப்புற ஆக்களுக்கு)

கம்பஸ்ல தீசிஸ் குடுத்து முடிச்சிட்டு அதை ஒரு பேப்பரா போடுவம் எண்டு நினைக்கிற எங்கட திருகோணமலை தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுறன். ஆராய்ச்சி செய்யிறது எப்படி, இங்கிலீஷ்ல எழுதுறது எப்படி எண்டதெல்லாம் இதுல இல்ல, அது உங்கட சுப்பர்வைசர் பாடு. டேட்டா கையில கிடக்கு, டிராஃப்டும் ஓரளவுக்கு நிக்குது, இனி அனுப்பணும், அங்க இருந்துதான் தொடங்குறன். எங்கட பேப்பர் கொட்டியாரக்குடாவில சின்னப் படகில தொழிலுக்குப் போற ஆக்களிட்ட வினாக்கொத்து குடுத்து எடுத்த டேட்டா, அதால உதாரணமெல்லாம் மீனும் வலையுமாத்தான் வரும், நீங்க உங்கட பாடத்துக்கு மாத்திக்கொள்ளுங்க.

முதல்ல ஜேர்னலைத் தெரிவு செய்யுங்க, பிறகு டிராஃப்டைத் திருத்துங்க. மாறிச் செய்தா ரெண்டு வேலை. அந்த ஜேர்னல்ட கடைசி ரெண்டு மூண்டு இதழைத் திறந்து பாருங்க, உங்கட மாதிரி ஒரு பேப்பராவது அதுல இருக்கணும். உள்ளூர்ல எண்டா ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் சைட்டுல எங்கட நாட்டு ஜேர்னல்கள் நிறைய ஒரே இடத்துல கிடக்கு, பேராதனைல இருந்து வாற சிலோன் ஜேர்னல் ஒஃப் சயன்ஸ், தேசிய விஞ்ஞான மன்றத்தோட ஜேர்னல் எல்லாம் பாக்கலாம். வெளிநாட்டு ஜேர்னல் எண்டாத்தான் மதிப்பு எண்டு சொல்லுற ஆக்களை நான் கணக்கெடுக்கிறதில்ல, குடாவில மீன் பிடிக்கிறதைப் பத்தின பேப்பரை வாசிக்க வேண்டிய ஆக்கள் இங்கதான் இருக்கினம்.

உங்கட மெயிலுக்கு "மதிப்புக்குரிய பேராசிரியரே, உங்கட அரிய கட்டுரையை எங்களுக்குத் தாங்க, கொஞ்ச நாள்ல பப்ளிஷ் பண்ணுறம்" எண்டு வரும். நீங்க இன்னும் பட்டமே எடுக்கல்ல, அதுக்குள்ள பேராசிரியர். அழிச்சிடுங்க. இதெல்லாம் காசுக்காக எதையும் போடுற கள்ள ஜேர்னல். முந்தி ஜெஃப்ரி பீல் எண்டு ஒரு அமெரிக்க லைப்ரேரியன் இப்படியான ஜேர்னல்களுக்கு ஒரு பட்டியல் வச்சிருந்தார், 2017ல அவர் அதை எடுத்திட்டார். இப்ப திங்க் செக் சப்மிட் எண்டு ஒரு சைட் இருக்கு, அதுல கேக்கிற கேள்விகளுக்குப் பதில் தேடிப் பாத்தாலே பாதி விளங்கிடும். ஸ்கோபஸ்ல (ஜேர்னல்களைத் தெரிஞ்செடுத்துப் பட்டியல் போடுற ஒரு பெரிய தரவுத்தளம்) இருக்கம் எண்டு ஜேர்னல் சொன்னா அவங்கட வாயை நம்பாதேங்க, ஸ்கோபஸ் சைட்டுல சோர்சஸ் பட்டியல் ஃப்ரீயா தேடலாம். காசு கேக்கிற ஜேர்னல் எல்லாம் கள்ள ஜேர்னல் இல்ல, நல்ல ஓபன் அக்செஸ் (ஆரும் காசில்லாம வாசிக்கக்கூடிய) ஜேர்னலும் டொலர்ல கேக்கும், ஆனா கழிவு வேணுமெண்டா சப்மிட் பண்ணேக்கயே கேக்கணும், அக்செப்ட் ஆன பிறகு கேட்டா நிறைய இடத்துல எடுபடாது.

ஒரு நேரத்துல ஒரு ஜேர்னலுக்குத்தான் அனுப்பலாம். இதுக்கு மேல இதைப் பத்திச் சொல்ல ஒண்டுமில்ல.

இனி டிராஃப்ட். ஓதர் கைட்லைன்ஸ் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வச்சுக்கொண்டு ஒவ்வொரு வரியா வெட்டிக்கொண்டு போங்க. லைன் நம்பர் கேட்டா வேர்ட்ல லேஅவுட்டுக்குள்ள இருக்கு, கண்டினியூஸ் எண்டதைக் குடுங்க, கையால நம்பர் போட்ட பிள்ளைகளையும் கண்டிருக்கிறன். மீன்ட விஞ்ஞானப் பெயர் சரிஞ்ச எழுத்துல இருக்கோணும், சூடை பாரை எண்டு ஊர்ப் பெயரும் பக்கத்துல குடுத்தா நல்லம். ரெஃபரன்ஸுக்கு ஸொட்டெரோ எண்ட சொஃப்ட்வெயாரைப் பாவிங்க, ஃப்ரீ, ஜேர்னல் மாறினா ஸ்டைலை ஒரு கிளிக்ல மாத்தலாம். மெண்டலியும் பரவாயில்ல, ஆனா எனக்கு ஸொட்டெரோதான். மெப் கீறுறதுக்கு கியூஜிஐஎஸ் எண்ட சொஃப்ட்வெயார், அதுவும் ஃப்ரீ, கூகிள் மெப்பை ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஒட்டாதேங்க.

மனுசரிட்ட கேள்வி கேட்டு எடுத்த டேட்டா எண்டா எதிக்ஸ் (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதி நம்பர் கேப்பாங்க. அது டேட்டா எடுக்க முதல் வாங்கினதா இருக்கணும், இப்ப போய் பழைய திகதிக்கு வாங்க ஏலாது. புறாமலைத் தீவுப் பக்கம் முருகைக்கல் பாத்த ஆக்கள் எண்டா அது 2003ல இருந்து தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்து பெர்மிட் விபரத்தையும் மெதட்ஸ்ல எழுதுங்க.

ரிவியூவருக்கு (உங்கட பேப்பரை வாசிச்சு மதிப்பிடுற ஆளுக்கு) உங்கட பெயர் தெரியக்கூடாது எண்டு சில ஜேர்னல் சொல்லும். முதல் பக்கத்துல பெயரை அழிச்சா காணாது, ஃபைலுக்குள்ளயும் பெயர் ஒளிஞ்சிருக்கும். வேர்ட்ல ஃபைல், இன்ஃபோ, இன்ஸ்பெக்ட் டொகுமெண்ட் போய் எடுத்துவிடுங்க. கொமினிகேஷன் கடையில டைப் பண்ணின ஃபைல் எண்டா ஓதர் எண்ட இடத்துல கடைப் பெயர் கிடக்கும், அதையும் சேர்த்து எடுங்க.

இப்ப பெயர் விசயம், இதுல கொஞ்சம் நிண்டு கதைக்கணும். எங்கட ஆக்களுக்குக் குடும்பப்பெயர் இல்ல, அப்பாட பெயர் முன்னுக்கு, எங்கட பெயர் பின்னுக்கு. கந்தையா குமரன் எண்டு ஒருத்தர் எண்டு வைப்பம். சப்மிட் பண்ணுற சைட்டுல ஃபெர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் எண்டு ரெண்டு பெட்டி. லாஸ்ட் நேம் எண்டா ஃபெமிலி நேம்தானே, அது அப்பாடதானே எண்டு யோசிச்சு கந்தையாவை அங்க போட்டா, பிறகு உலகம் முழுக்க அந்தப் பேப்பரைக் கந்தையா எண்டுதான் மேற்கோள் காட்டும். அப்பாவுக்குப் பெருமைதான், ஆனா குமரன் எண்டு தேடுற ஆளுக்கு பேப்பர் அகப்படாது. அதால நீங்க வழமையா எழுதுற ஒழுங்குலயே நிரப்புங்க, முதல் பெட்டியில கந்தையா, கடைசிப் பெட்டியில குமரன். கூட எழுதின ஆக்கள்ட பெயரையும் அவங்களிட்டயே கேட்டுப் போடுங்க, நீங்களா ஊகிக்காதேங்க. பப்ளிஷ் ஆன பிறகு மாத்துறது பெரிய தலையிடி. கலியாணம் முடிச்ச பிறகு அவர்ட பெயரைச் சேர்க்கிற அக்காமார், முதல் பேப்பர்ல வந்த பெயரையே கடைசி வரைக்கும் வச்சுக்கொள்ளுங்க.

இதுக்கு மருந்து ஓர்கிட் ஐடி, ஆராய்ச்சி எழுதுற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எடுக்கிற அடையாள நம்பர். 16 இலக்கம், ஃப்ரீ, அஞ்சு நிமிசத்துல எடுக்கலாம். அதுல லாஸ்ட் நேம் கட்டாயமில்ல, வேற எப்படியெல்லாம் உங்கட பெயர் எழுதப்படுதோ அதெல்லாம் சேர்க்கவும் ஒரு இடம் இருக்கு. பெயர் எப்படி உருண்டு பிரண்டாலும் அந்த நம்பர் உங்களோடயே இருக்கும்.

கவர் லெட்டர் அரைப் பக்கம் போதும். பேப்பர்ட தலைப்பு, என்ன கண்டுபிடிச்சம், ஏன் இந்த ஜேர்னல், வேற எங்கயும் அனுப்பல்ல, எல்லா ஓதர்மாரும் சம்மதம். எடிட்டரைப் புகழத் தேவையில்ல. ரிவியூவர் பெயர் கேட்டா உங்கட சுப்பர்வைசரையோ அவர்ட கூட்டாளிமாரையோ குடுக்காதேங்க.

கடைசியா அப்லோட். எடிட்டோரியல் மனேஜர் எண்ட சப்மிட் பண்ணுற சிஸ்டத்தைப் பாவிக்கிற ஜேர்னல் எண்டா எல்லா ஃபைலையும் ஏத்தினதும் அது ஒரு பிடிஎஃப் கட்டும். நிறையப் பேர் அதோட முடிஞ்சுது எண்டு ஜன்னலை மூடிட்டுப் போயிடுறாங்க. முடியல்ல. அந்த பிடிஎஃப்பைத் திறந்து பாத்திட்டு அப்ரூவ் சப்மிஷன் எண்டதை அமத்தணும், அது வரைக்கும் எடிட்டருக்கு ஒண்டும் போகாது, நீங்க பதில் வரும் வரும் எண்டு மாசக்கணக்கா பாத்துக்கொண்டு இருப்பீங்க.

அந்த பிடிஎஃப்பை ஒவ்வொரு பக்கமா பாருங்க எண்டு நான் சொல்லுறதுக்குக் காரணம் பாமினி எண்ட பழைய தமிழ் ஃபொண்ட். தமிழ் வினாக்கொத்தை இணைப்பா போட்டிருந்தம், அது பாமினில தட்டினது. பாமினி உண்மையில இங்கிலீஷ் எழுத்துத்தான், ஃபொண்ட்தான் அதைத் தமிழாக் காட்டுது, அவங்கட சேர்வர்ல அந்த ஃபொண்ட் இல்லாட்டி மீன் எண்டது கே, பி, டி, ஒரு அரைப்புள்ளி எண்டு வந்து நிக்கும். யூனிகோட்டுக்கு மாத்தி, நீங்களே பிடிஎஃப் ஆக்கி ஏத்துங்க. மாத்துற கன்வேர்ட்டர் ஒன்லைன்ல நிறைய இருக்கு, மாத்தின பிறகு ஒருக்கா வாசிச்சுப் பாருங்க, சில இடத்துல கொம்பும் காலும் இடம் மாறும்.

பிறகு சேர்த்தது: கிண்ணியால இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், தனக்குப் பெயருக்கு முன்னால நாலு இனிஷியல், எதை மிடில் நேம்ல போடுறது எண்டு. மிடில் நேமை வெறுமையா விடுங்க. நாலையும் ஃபெர்ஸ்ட் நேம்லயே போடுங்க, உங்கட பெயரை லாஸ்ட் நேம்ல. இந்தப் பேப்பருக்கு நாலு இனிஷியல், அடுத்ததுக்கு ரெண்டு எண்டு மாத்தாம ஒரே மாதிரி வச்சுக்கொள்ளுங்க, அதுதான் முக்கியம்.

இன்னொண்டு: சப்மிட் ஆன பிறகு கூட எழுதின எல்லாருக்கும் உறுதிப்படுத்தச் சொல்லி ஒரு மெயில் போகலாம், அது ஸ்பாம்ல போய் விழும். சேர்மாருக்கு ஒரு வட்ஸ்அப் போட்டு ஸ்பாமைப் பாக்கச் சொல்லுங்க, கூச்சப்படாதேங்க.