மீன் சாகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்

குளத்தில் எண்ணெய் மிதந்தால், செத்த மீன் ஒதுங்கியிருக்கிறதா என்று கரையைப் பார்ப்போம். ஒதுங்கவில்லை என்றால் கவலை தீர்ந்தது. முதல் தவறே இதுதான். பெரிய மீன் தப்பிவிடும், அடிபடுவது முட்டை.

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி, ஏறத்தாழ 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. இளஞ்சிவப்பு சால்மன் அங்கே ஓடைவாய்ச் சரளைக்குள் முட்டையிடும். எண்ணெய் பட்ட ஓடைகளில் 1993 வரை முட்டைகள் வழக்கத்தைவிட அதிகமாகச் செத்தன. எண்ணெயிலிருந்து கரையும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் (கார்பன் வளையங்கள் பல ஒட்டிய சேர்மங்கள்) நீரில் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே கருவின் இதயத் துடிப்பு கெட்டு, உடலில் நீர் கோத்துவிடுகிறது. நல்லபடியாகத் தெரிந்த குஞ்சுகளிலும் கடலுக்குப் போய்த் திரும்பியவை குறைவு.

'பழைய எண்ணெய்தானே, வீரியம் போயிருக்கும்' என்பது அடுத்த தவறு. ஆவியாகிப் போவது லேசான பகுதி. வளையங்கள் கூடிய ஹைட்ரோகார்பன்கள் தங்கி மெல்லக் கரையும்.

தாமிரபரணியில் சால்மன் ஏது? விரால் இருக்கிறதே. அதன் முட்டை நீர்மட்டத்தில் மிதக்கும். தாயும் தகப்பனும் அங்கேயே காவல் நிற்கும், மூச்சுக்கும் மேலே வரும். எண்ணெய்ப் படலம் பரவுவதும் அதே மட்டத்தில்தான்.

வாய்க்கால் கரையில் டீசல் மோட்டாருக்கு ஆயில் மாற்றும்போது பழையதை மண்ணில் ஊற்றாதீர்கள். ஐப்பசி மழை அதைக் குளத்தில் சேர்த்துவிடும். அடியில் தட்டு வைத்துப் பிடித்து, மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். படித்துறையில் பைக் கழுவுவதும் இதே கணக்கில்தான் சேரும். கொசுவுக்கென்று பழைய ஆயிலில் நனைத்த மரத்தூள் பந்துகளை மீன் உள்ள குளத்தில் போடவே கூடாது.

படலத்தைக் கண்டதும் சோப்புத்தூள் கரைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். எண்ணெய் துளித்துளியாய் உடைந்து நீருக்குள் இறங்கும், சோப்பு மீனின் செவுளைக் கெடுக்கும். முதலில் குச்சியால் கலைத்துப் பாருங்கள். சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புப் பாக்டீரியாப் படலம், பயமில்லை. மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெய். காற்று ஒதுக்கும் பக்கம் வைக்கோல் பிரிகளைக் கயிற்றில் கட்டி மிதக்கவிடுங்கள். ஊறியதும் எடுத்து, புதிது போடுங்கள். ஊறிய பிரியைக் கரையில் போட்டுவிட்டுப் போனால் அடுத்த மழைக்கு எண்ணெய் திரும்பக் குளத்துக்கே வரும்.