ஏஐ நிரல் எழுதும் முன், விடையை நீங்கள் எழுதிவிடுங்கள்

சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்து மக்கள் வந்துபோகும் ஒரு மளிகைக் கடைக்கு பில் போடும் நிரல் செய்து கொடுத்தேன். முன்பென்றால் ஒரு வார வேலை. இப்போது ஏஐ-யிடம் பேச்சுவாக்கில் சொன்னாலே பத்து நிமிடத்தில் நிரல் வந்துவிடுகிறது. மிச்ச நேரம் சரிபார்ப்பதில் போகிறது. போகத்தான் வேண்டும்.

மலேசியாவில் 2008 ஏப்ரலிலிருந்து ரொக்க பில்லை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்கிறோம். மொத்தத் தொகைக்கு மட்டும்தான். எனக்கு வந்த நிரலோ ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகச் செய்திருந்தது. 1.02 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள பொருள் மூன்று வாங்கினால் 3.06, அதாவது 3.05 வாங்க வேண்டும். அது 3.00 என்றது. நாள் முழுக்க இப்படிப் போனால் கடைக்காரர் என்ன ஆவார்?

அதனால் நிரல் கேட்கும் முன் ஐந்தாறு கணக்கைக் கையால் போட்டு, விடையோடு கொடுங்கள். 3.02, 3.03, 3.07, 3.08 மாதிரி இடக்கான எண்களாகப் பாருங்கள். "முதலில் இவற்றைச் சோதனைகளாக எழுது, அப்புறம் நிரல்" என்று சொல்லுங்கள். பணத்தைத் தசமமாக வைக்காமல் முழு சென்னாக (3.05 அல்ல, 305) வைக்கச் சொல்வதும் நல்லது.

சோதனைகள் தயாரானதும் கிட்டில் (Git, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) பதிவு செய்துவிடுங்கள். நிரல் சோதனையில் தோற்கும்போது ஏஐ சில நேரம் சோதனையையே திருத்திவிடும். பதிவு இருந்தால் உடனே தெரியும்.

அப்புறம், கடன் புத்தகத்திலுள்ள பெயர்களையும் அடையாள அட்டை எண்களையும் தயவுசெய்து ஏஐ-யிடம் ஒட்டாதீர்கள். கற்பனைப் பெயர்களே போதும்.