வீட்ட வித்த காசுல மனைவி பேர்ல வீடு வாங்கினா கேபிடல் கெயின்ஸ் வரி விலக்கு வாங்கறது எப்படி

வீடு வித்த லாபத்து மேல வர்ற வரிதான் கேபிடல் கெயின்ஸ் வரி, மனைவி பேர்ல வாங்கினாலும் அதுக்கு விலக்கு கிடைக்கும்ங்க. ஆனா காசு யார் அக்கவுன்ட்ல இருந்து போச்சுங்கறதுலதான் எல்லாமே இருக்கு, அதனால அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே இத படிச்சிடுங்க.

எங்க மாமா காவேரிப்பட்டணத்துல 2009ல 14 லட்சத்துக்கு வாங்கின வீட்ட 2024 டிசம்பர்ல 62 லட்சத்துக்கு வித்தாரு. பையனுக்கு ஓசூர் சிப்காட்டுல வேலை, அதனால ஓசூர்லயே 55 லட்சத்துக்கு ஒரு வீட்ட பாத்து அத அத்தை பேர்லதான் கிரயம் பண்ணணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. லாபம் 48 லட்சம், 12.5 பர்சென்ட்னு போட்டாலே 6 லட்சம் வரி, செஸ் தனி. 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கின வீடுன்னா இன்டெக்சேஷன் (விலைவாசி ஏத்தத்துக்கு ஏத்த மாதிரி வாங்கின விலைய கூட்டிக்கறது) போட்டு 20 பர்சென்ட் கணக்கும் பாத்துட்டு எது கம்மியோ அத கட்டலாம், ஆனாலும் லட்சக்கணக்குலதான் வரும்.

1961 வருமான வரிச் சட்டம் செக்ஷன் 54 படி, ரெண்டு வருஷத்துக்கு மேல வச்சிருந்த வீட்ட வித்தா, வித்த தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடியோ ரெண்டு வருஷத்துக்குள்ளயோ வேற வீடு வாங்கணும், கட்டறதுன்னா மூணு வருஷம். லாபத்த மட்டும் போட்டா போதும். வித்தவர் வாங்கணும்னு இருக்கே தவிர பத்திரம் அவர் பேர்லயேதான் இருக்கணும்னு சட்டத்துல எழுதல, கேள்வி வர்ற இடமும் அதுதான். மெட்ராஸ் ஐகோர்ட் 2006ல வி.நடராஜன் வழக்குல (தீர்ப்புத் தொகுப்புல 287 ஐடிஆர் 271) மனைவி பேர்ல வாங்கினாலும் விலக்கு உண்டுன்னு சொல்லிடுச்சு. தர்மபுரி, கிருஷ்ணகிரியில ரிட்டர்ன் போடற நமக்கு இந்த தீர்ப்புதான் பலம், நோட்டீஸ் வந்தா பதில்ல முதல்ல இதத்தான் எழுதணும். மகன் பேர்ல மட்டும் வேண்டாம், தத்துப் பையன் பேர்ல வாங்கின ஒருத்தருக்கு பாம்பே ஐகோர்ட் 2008ல முடியாதுன்னுடுச்சு.

இப்ப முக்கியமான விஷயம். மாமா என்ன நெனச்சாருன்னா காச மொத்தமா அத்தை அக்கவுன்டுக்கு மாத்திட்டு அவங்க கையால செக் குடுத்தா மரியாதையா இருக்கும்னு, நான் விடவே இல்ல, அப்படி பண்ணினா அது மனைவிக்கு குடுத்த கிஃப்ட், அவங்க காசுல அவங்க வாங்கின வீடுன்னு ஆபீசர் பேச இடம் குடுத்த மாதிரி ஆயிடும். மாமா அக்கவுன்ட்ல இருந்து நேரா வீடு விக்கறவர் அக்கவுன்டுக்கு ஆர்டிஜிஎஸ். பத்திரம் எழுதறவர் பக்கத்துலயே உக்காந்து "கிரயத் தொகை முழுவதும் வாங்குபவரின் கணவர் தமது சொந்த வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தியது"ன்னு ஒரு வரிய சேக்க சொன்னேன், கீழ அந்த ஆர்டிஜிஎஸ்ஸோட யூடிஆர் (UTR) நம்பரும். அவருக்கு இது புதுசு, ரெண்டு தடவ கேட்டாரு, ஆனா எழுதிட்டாரு. கணக்குல காட்டின சொந்தக் காசுல மனைவி பேர்ல வாங்கறது பினாமி சட்டத்துலயும் வராது. ரெண்டு பேர் பேர்லயும் போட்டா இன்னும் நல்லது.

வீடு 50 லட்சமோ அதுக்கு மேலயோ போனா வாங்கறவங்க 1 பர்சென்ட் டிடிஎஸ் (விக்கறவருக்கு குடுக்கற காசுல பிடிச்சு அரசாங்கத்துக்கு கட்டற வரி) பிடிக்கணும், பத்திரம் அத்தை பேர்லங்கறதால 55,000 ரூபாய அவங்க பேன் நம்பர்லதான் கட்டினோம், அதனால பேன் கார்டு இல்லாத வீட்டம்மாவா இருந்தா முதல்ல அத எடுங்க. பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா ஃபீஸ் 1 பர்சென்ட் கம்மின்னு சொல்வாங்க, அது 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்துக்குத்தான்.

ரிட்டர்ன் கடைசி தேதிக்குள்ள, அதாவது சாதாரணமா ஜூலை 31க்குள்ள, வீடு அமையலன்னா வித்தவர் பேர்லயே பேங்க்ல கேபிடல் கெயின்ஸ் அக்கவுன்ட் ஆரம்பிச்சு போட்டுடுங்க, சேவிங்ஸ்ல சும்மா கெடந்தா செல்லாது. புது வீட்ட மூணு வருஷத்துக்கு விக்கக்கூடாது. வாடகைக்கு விட்டா அந்த வாடகை கணவர் வருமானத்துலதான் சேரும், மனைவி ரிட்டர்ன்ல காட்டாதீங்க.

வித்தது வீடு இல்லாம வீட்டு மனைன்னா செக்ஷன் 54எஃப், அதுல லாபம் மட்டும் போதாது, விலை மொத்தமும் போட்டாதான் முழு விலக்கு, வித்த அன்னிக்கு உங்க பேர்ல ஒரு வீட்டுக்கு மேல இருக்கவும் கூடாது.