ஸ்ட்ரிப் கிளப் நடனக்காரர்கள் வருமானத்தைக் கோட்டைவிடும் இடங்கள்

அமெரிக்காவின் பெரும்பாலான ஸ்ட்ரிப் கிளப்களில் (ஆடை களைந்து ஆடும் நடன விடுதிகளில்) ஆடும் பெண்ணுக்குச் சம்பளம் கிடையாது. அவர்தான் கிளப்புக்கு 'ஹவுஸ் ஃபீ', அதாவது அங்கே ஆடுவதற்கான கட்டணம், கட்டுகிறார். போகும்போது டிஜேக்கும் பவுன்சருக்கும் டிப் வைக்கிறார். உள்ளே நுழையும்போதே கணக்கு மைனஸில்தான் இருக்கிறது. மேடை நடனம் பாதி விளம்பரம். பெரிய காசு, மேசை மேசையாகப் போய்த் தனி நடனமும் விஐபி அறையும் விற்பதில்தான் வருகிறது. நன்றாக ஆடுகிறவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

போய் நின்றதுமே "டான்ஸ் வேணுமா?" என்று கேட்டால், வாடிக்கையாளர் வாயில் சட்டென்று வருவது 'வேண்டாம்'தான். ஒரு பாட்டு நேரமாவது உட்கார்ந்து பேச வேண்டும். அதற்காக, பேச்சுத்துணைக்கு வந்த ஆளிடம் ஒரு மணி நேரம் சிரித்துக்கொண்டிருப்பது இதைவிட மோசம். இரண்டு மூன்று பாட்டு முடிந்ததும் நேராகக் கேட்டுவிடலாம். மறுத்தால் நன்றி சொல்லி எழுந்துவிட வேண்டும். அவர் கோபிப்பாரோ என்று தயங்கும் நேரத்துக்கு யாரும் காசு தரப்போவதில்லை.

கோட்டு சூட்டைப் பார்த்து ஆளை எடைபோடுவதும் வீண். மேடையருகே வந்து டிப் வைத்தவர், தான் செலவு செய்ய வந்தவர் என்று காட்டிவிட்டார். இறங்கியதும் முதலில் அவரிடம் போய் நன்றி சொல்லாமல், மூலையில் இருக்கும் விலையுயர்ந்த வாட்ச்சை நோக்கிப் போகிறவர்கள் ஏராளம்.

சண்டையில் முடிவது விலைப் பேச்சு. கட்டணம் ஒரு பாட்டுக்கா, மொத்தத்துக்கா என்பதை முன்பே சொல்லாமல் நான்கு பாட்டு ஆடிவிட்டுக் கணக்குச் சொன்னால், ஏமாற்றப்பட்டதாகத்தான் வாடிக்கையாளர் நினைப்பார். விஐபி அறைக்கு முதலில் பணம், அப்புறம்தான் கதவு. கார்டு என்றால் கிளப் ஊழியர் முன்னால் கையெழுத்து வாங்க வேண்டும். மறுநாள் வங்கியிடம் "அது நானில்லை" என்பவர்களும் உண்டு. கார்டில் கட்டும் வாடிக்கையாளருக்குப் பல கிளப்கள் ரொக்கத்துக்குப் பதில் 'டான்ஸ் டாலர்' சீட்டு தரும்; அதை வாங்கிய நடனக்காரர் காசாக்கும்போது கிளப் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கணக்கில் சேர்க்காமல் விலை சொல்லக்கூடாது.

"பக்கத்துப் பெண் இதைவிட அதிகம் அனுமதிக்கிறாளே" என்பார்கள். அதற்கு இறங்கிப்போனால் விலையோடு பாதுகாப்பும் போகும். வாடிக்கையாளர் வாங்கித் தரும் மதுவும் அப்படித்தான். நிதானம் போனால் பேரமும் போச்சு.

கூட்டமில்லாத இரவில் ஹவுஸ் ஃபீகூடத் தேறாமல் போகலாம். வாஷிங்டன் மாநிலம் 2024-ல் இதற்கு உச்சவரம்பு வைத்தது: ஷிஃப்டுக்கு 150 டாலர் அல்லது சம்பாதித்ததில் 30 சதவீதம், எது குறைவோ அது.

கைக்கு வந்த ரொக்கம் முழுவதும் தன்னுடையது என்று செலவழிப்பவர்கள் வரிக் கணக்கு காட்டும் ஏப்ரலில் திண்டாடுவார்கள். சுயதொழில் வரியே 15.3 சதவீதம், வருமான வரி தனி. ஹவுஸ் ஃபீ, மேடை உடை ரசீதுகளைப் பத்திரமாக வைக்க வேண்டும். 1994-ல் அமெரிக்க வரி நீதிமன்றம் ஒரு நடனக்காரரின் மார்பக இம்ப்ளாண்ட் செலவையே தொழில் செலவாக ஏற்றுக்கொண்டிருக்கிறது!